அரசப்பன் பட்டியலில் நாலாவது பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா, சுமாரா என்று கண்டுபிடிக்கக் கல்வித்துறையிடம் கட்டுக்கட்டாகப் படிவங்கள் உண்டு. தேர்ச்சி விழுக்காடு, கழிப்பறை எண்ணிக்கை, கரும்பலகையின் நீள அகலம், எல்லாவற்றுக்கும் கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்பதற்கு இன்னொருவர் கையெழுத்து. டவுன் பஸ் கண்டக்டர் அரசப்பனிடம் படிவம் எதுவும் கிடையாது. புத்தகப்பை ஒன்றை வைத்தே நாலு அரசு உயர்நிலைப் பள்ளிகளை அவர் முப்பத்து மூன்று வருஷமாக எடைபோட்டு வந்தார்.

அவருடைய பஸ் திருவாரூரில் புறப்பட்டு வெண்ணிலங்குடி, நாணல்சேரி, இடும்பமங்கலம் வழியாகத் தாழங்கோட்டகத்தில் போய் நிற்கும். நிற்காமல் வேறு வழியில்லை. அதற்கு அப்பால் ரோடு கிடையாது, வயலும் வடிகாலும்தான். இந்த நாலிலும் ஊருக்கொரு உயர்நிலைப் பள்ளி. நடுவில் கிடக்கும் சின்ன ஊர்களில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒன்பதுக்கு எங்கே சேர்ப்பது என்ற கேள்வி மே மாதம் பிறந்தால் ஒவ்வொரு வீட்டிலும் எழும்பும். எழும்பிய கேள்வி நேரே பஸ் ஏறி அரசப்பனிடம் வந்து நிற்கும்.

பஸ்ஸில் நிற்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அறிமுகம் தேவையில்லை. மடி காலியாக இருந்தால் போதும். அரசப்பன் கவனித்தது அந்தப் பை எப்படி மடியில் இறங்குகிறது, எப்படித் திரும்ப ஏறுகிறது என்பதைத்தான். வெண்ணிலங்குடிப் பிள்ளைகள், "கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்கள், இறங்கும்போது தேங்க்ஸ் சொல்வார்கள். ஆகவே முதலிடம். நாணல்சேரிப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், ஆனால் மறக்காமல் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாமிடம். இடும்பமங்கலத்துப் பிள்ளைகள் வைத்ததையே மறந்துவிட்டு இறங்கிப் போவார்கள். உரிமையாளர் இல்லாத பை கடைசி ஸ்டாப் வரை பயணம் செய்து, மறுநாள் காலை அரசப்பன் கையால் வீடு திரும்பும். மூன்றாமிடம்.

"அப்ப தாழங்கோட்டகம்?" என்று யாராவது கேட்டால் அரசப்பன் விசிலை வாயிலிருந்து எடுப்பார். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"அதை ஏன் கேக்குறீங்க? சுமார்தான்."

அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது. இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஏனென்றால் அரசப்பனே தாழங்கோட்டகத்துக்காரர், அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தவர். சொந்தப் பள்ளிக்கூடத்தையே நாலாவது இடத்தில் வைக்கிற மனுஷன் பொய் சொல்வானா என்று ஜனங்கள் வியந்தார்கள். நீதிமான் என்று பேர் வந்தது. இரண்டு கோயில் கமிட்டிகளில் அவரைப் பொருளாளராக இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

அவர் நீதிமான் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

தாழங்கோட்டகம் பள்ளிக்கூடம் இருக்கிற இடம் முன்பு ஒரு மிராசுதாரின் களம். அரசப்பனின் அப்பா அந்தக் களத்தில்தான் வாலிபம் முழுக்க நெல் அடித்தார். எழுபத்தெட்டில் அங்கே ஓட்டுக் கட்டடம் எழும்பி உயர்நிலைப் பள்ளி வந்தது. அப்பா கதிர் அடித்த அதே இடத்தில் மகன் பெஞ்சு போட்டு உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்தான். படித்தான் என்று சொல்வது மரியாதைக்காக. உட்கார்ந்திருந்தான். முதல் தடவை பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பா வாசலிலேயே தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். களத்துக்குள் அப்படித்தான் நுழைந்து பழக்கம். கணக்கு வாத்தியார் வெங்கட்ராகவன் எழுந்து வந்து, "அதைத் தோள்ல போட்டுண்டு உள்ளே வாங்கோ. இது உங்க பையன் இடம்" என்றார். அப்பா உள்ளே வந்தார். ஆனால் துண்டு தோளுக்கு ஏற இன்னும் இரண்டு கூட்டம் ஆயிற்று.

இந்த வெங்கட்ராகவன் சார் நீடாமங்கலத்திலிருந்து வருவார். அந்த ஊர் ரயில்வே கேட் தமிழ்நாட்டுக் கல்விக்கு ஆற்றியிருக்கும் தொண்டு இன்னும் சரியாக மதிப்பிடப்படவில்லை. கேட் மூடியிருந்தால் முதல் பீரியட் கணக்கு கிடையாது. வகுப்பே கொல்லைப்பக்க வாய்க்காலில் இருக்கும். தண்டவாளத் துண்டு ஒன்றைப் புங்க மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் பெல். அதை அடித்தால் சத்தம் மூன்று வயல் தாண்டி நடவு வரப்பு வரைக்கும் கேட்கும். அங்கே நாற்று முடிச்சோடு நிற்கிற அம்மா தலையைத் தூக்கி, "சோத்து பெல்லு அடிச்சாச்சு, எம் புள்ள இந்நேரம் சாப்பிடுவான்" என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வாளாம். அறுபது வயதிலும் அரசப்பனுக்கு அந்தச் சத்தத்தை நினைத்தால் பசிக்கும்.

பொதுத்தேர்வில் அவர் கணக்கில் எடுத்தது முப்பத்தைந்து. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அந்த முப்பத்தைந்துதான் பின்னால் கண்டக்டர் வேலை வாங்கித் தந்தது.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தை ஏன் நாலாவதாக வைத்தார்?

தொண்ணூற்றைந்தில் நடந்தது அது. அரசப்பன் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். அந்த வருஷம் தாழங்கோட்டகத்தில் நாற்பத்தொரு பேர் பத்தாவது எழுதி நாற்பத்தொரு பேரும் பாஸ். தாலுகாவிலேயே வேறெங்கும் இல்லை. அரசப்பனுக்கு நிலைகொள்ளவில்லை. ஜூன் மாதம் முழுவதும் டிக்கெட்டோடு சேர்த்து இந்தச் செய்தியையும் கிழித்துக் கொடுத்தார். "எங்க ஸ்கூலு நூத்துக்கு நூறு, தெரியுமுல்ல?" என்று ஏறுகிறவர், இறங்குகிறவர், ஆட்டுக்குட்டியோடு வந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் "அப்படியா!" என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுகளை அவர் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. நாலு ஊர்ப் பள்ளிகளில் மூன்றுக்கு ஒரு ஓடுகூட அசையவில்லை. தாழங்கோட்டகத்தில் நாலு வகுப்பறைக் கூரை மொத்தமாகப் பறந்து போய் வடிகாலில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டு வருஷம் சொசைட்டி குடோனில் உர மூட்டைகளுக்கு நடுவே படித்தார்கள். வங்கக் கடலில் ஏற்பட்ட காற்றழுத்தத் தாழ்வுதான் காரணம் என்று ரேடியோ சொன்னது. ரேடியோவுக்கு ஜூன் மாதம் பஸ்ஸில் நடந்தது தெரியாது. அரசப்பனுக்குத் தெரியும். கண் பட்டுவிட்டது. பட வைத்தது அவர் வாய்.

அழகான குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கன்னம் இல்லை. ஆகவே அரசப்பன் சொல்லால் பொட்டு வைத்தார். அடுத்த ஜூனில் முதன்முதலாக ஒருவர், "தாழங்கோட்டகம் எப்படிங்க?" என்று கேட்டபோது, "சுமார்தான்" என்றார். அந்த வருஷம் புயல் வரவில்லை. மறு வருஷமும் சொன்னார், வரவில்லை. பிறகு வந்த புயல்களிலும் தாழங்கோட்டகம் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய சேதம் இல்லை. பேரிடர் மேலாண்மைக்கு அரசாங்கம் என்னென்னவோ செய்தது. இந்த ஒரு கட்டடத்தைப் பொறுத்தவரை பொறுப்பு அரசப்பன் வசம் இருந்தது.

இந்த ஜூன் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். பத்தாம் தேதி காலை, தாழங்கோட்டகம் தலைமையாசிரியை ஹாஃபிஸா வழக்கம்போல் திருவாரூரில் ஏறினார். வழக்கமாகப் படியோரம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்பவர், அன்றைக்குக் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு நோட்டு.

"அரசப்பண்ணே, ஒம்பதாம் வகுப்புல இதுவரைக்கும் எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க தெரியுமா?"

"எத்தனை டீச்சர்?"

"நாலு."

அரசப்பன் டிக்கெட் மெஷினைத் துடைத்தார்.

"பதினஞ்சு வேணும். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா ஒம்பது, பத்து ரெண்டையும் இடும்பமங்கலத்தோட சேர்த்துடலாம்னு மேலேர்ந்து பேச்சு. எழுத்துல இல்ல. வாயால சொல்லியிருக்காங்க. அதுதான் பயமா இருக்கு."

"இடும்பமங்கலத்தோடயா?" பையை மறந்துவிட்டுப் போகிற கூட்டம். அரசப்பன் மெஷினைத் துடைப்பதை நிறுத்தினார்.

"லீவுல நாங்க வீடு வீடாப் போனோம். இருபத்திரண்டு வீடு. ஏன் எங்க ஸ்கூல்ல சேர்க்கலைன்னு கேட்டு எழுதிக்கிட்டோம்." நோட்டைத் திறந்து வாசித்தார். "முதல் வீடு. 'கண்டக்டர் சுமார்னு சொன்னாரு.' ரெண்டாவது வீடு. 'கண்டக்டரே அங்க படிச்சவரு, அவரே நாலாவதுன்றாரு.' மூணாவது வீட்ல ஆள் இல்ல. நாலாவது வீடு. 'அரசப்பண்ணன் உதட்டைப் பிதுக்குனாரு.'" நோட்டை மூடினார். "மொத்தம் பதினேழு வீடு. எல்லாம் நீங்கதான். எங்க மேல என்ன கோபம், சொல்லுங்க?"

முன்னாலிருந்து டிரைவர் காத்தான் கண்ணாடியில் பார்த்தார். அவர் இடும்பமங்கலத்தில் படித்தவர். மூன்றாமிடத்து மனக்குறை அவருக்கு இருபது வருஷமாக உண்டு.

"அண்ணே, ஒரு ஸ்கூலையே மூடப் போறீங்களா? கல்வித்துறைக்கே வராத தெகிரியம்!"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யா" என்றார் அரசப்பன். அன்று நாணல்சேரி ஸ்டாப்பில் இரண்டு பேருக்குத் தப்பான டிக்கெட் கொடுத்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் நடக்காதது.

வீட்டுக்குப் போய் மனைவி கயல்விழியிடம் முதன்முதலாக மைப்பொட்டு ரகசியத்தைச் சொன்னார். அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டார்.

"புள்ளைக்குப் பொட்டு வெச்சா கன்னத்து ஓரமா ஒண்ணு வெப்பாங்க. நீங்க முப்பது வருஷமா மூஞ்சி பூரா அப்பிட்டீங்க. அப்புறம் பொண்ணு பாக்க எவன் வருவான்?"

அரசப்பன் ஒரு கீரைக் காம்பை எடுத்துக் கிள்ளினார். "இப்ப என்ன பண்றது?"

"தொடைங்க."

மறுநாள் துடைக்கத் தொடங்கினார். மங்களாம்பிகை என்று ஒரு அம்மாள், பேத்திக்கு ஒன்பதாம் வகுப்பு தேடுகிறவர், வெண்ணிலங்குடியில் ஏறி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அரசப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பஸ் முழுக்கக் கேட்கும்படி, "நாலுலயும் முதல் ஸ்கூலு தாழங்கோட்டகம்தான்!" என்றார்.

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா அரசப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் மங்களாம்பிகை.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "ரிட்டயர் ஆவப் போறாருல்ல, ஊர்ப்பாசம் வந்துடுச்சு."

இன்னொரு குரல்: "அந்த டீச்சரம்மா நேத்து பக்கத்துல உக்காந்து ஏதோ சொன்னாங்களே, பாக்கல?"

நீதிமானின் முப்பது வருஷப் பெயர் வெண்ணிலங்குடிக்கும் நாணல்சேரிக்கும் நடுவே, இரண்டரை கிலோமீட்டரில், காற்றில் போயிற்று. பேத்தியை வெண்ணிலங்குடியிலேயே சேர்த்துவிட்டதாக மூன்றாம் நாள் தகவல் வந்தது. சுமார் என்று சொன்னபோது நம்பினவர்கள் நல்லது என்றால் நம்பவில்லை. ஏதோ விற்கிறவன் என்று நினைத்துவிட்டார்கள். அது போதாதென்று, அவர் அப்படிப் புகழ்ந்த அன்றே இடும்பமங்கலம் வளைவில் பின் டயர் பஞ்சர். அடுத்த முறை புகழ்ந்தபோது முன் டயர்.

காத்தான் ஜாக்கியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணே, உங்க ஸ்கூல் பெருமையை நிறுத்துங்க. ஸ்டெப்னி கிடையாது."

இருபதாம் தேதி ஆயிற்று. ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேர். அரசப்பனுக்கு ராத்தூக்கம் கெடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரை வாட்டியது பதவி ஓய்வு இல்லை. பெல் அடிக்காத அந்தப் புங்க மரத்தின் நினைப்புதான். இப்போது மின்சார மணி வந்துவிட்டது. தண்டவாளத் துண்டை எப்போதோ கழற்றிவிட்டார்கள். இருந்தாலும், ஒன்பதும் பத்தும் போய்விட்டால் அந்த இடம் மறுபடி வெறும் களமாகிவிடும் என்று தோன்றியது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற இடம்.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. நாணல்சேரிக்கு அடுத்த புதுத்தெரு ஸ்டாப்பில் எழில்மொழி ஏறினாள். வயலில் நாற்றுப் பறிக்கிற வேலை, நூறு நாள் வேலை, தையல் என்று எது கிடைத்தாலும் செய்பவள். கூடவே மகள் செம்மொழி. எட்டாம் வகுப்பை முடித்த பெண். ஒன்றியத்திலேயே முதல் மார்க் வாங்கிப் பேப்பரில் போட்டோ வந்தது எல்லாருக்கும் தெரியும்.

அரசப்பன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "பாப்பா எப்படிம்மா படிக்குது?"

எழில்மொழி மகளைப் பார்த்தாள். பஸ்ஸைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அதை ஏன் கேக்குறீங்கண்ணே? சுமாராத்தான் படிக்குது. என்னமோ ஓடுது."

அரசப்பன் கையிலிருந்த மெஷின் நின்றது. அவருடைய வாக்கியம். அவருடைய உதடு. முப்பது வருஷமாக அவர் ஒருவர்தான் இந்த வித்தையைச் செய்கிறார் என்று நினைத்திருந்தார். இந்த பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு தாயும் அவரவர் பிள்ளைக்கு இதையேதான் செய்துகொண்டிருந்தாள். "எங்க சாப்பிடுது?" என்று சொன்ன அம்மாவின் குழந்தை கொழுகொழுவென்றிருந்தது. "மூளையே கிடையாது இதுக்கு" என்று சொல்லப்பட்ட பையன் இப்போது திருவாரூரில் டாக்டர்.

"அம்மா எழிலு" என்றார் அரசப்பன். இந்தத் தடவை கத்தவில்லை. ஆனால் பஸ் விசிலுக்குக் காத்து நின்றுகொண்டிருந்தது, எல்லாருக்கும் கேட்டது. "பேப்பர்ல போட்டோ வந்த உன் பொண்ணு எவ்வளவு சுமாரோ, எங்க ஸ்கூலும் அவ்வளவுதாம்மா சுமார்."

எழில்மொழிக்கு முகம் முதலில் சிவந்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அடப்பாவி அண்ணே! அப்ப இவ்வளவு நாளா…"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"தொண்ணூத்தஞ்சுலேர்ந்து. கூரை போச்சுல்ல?"

பின் சீட்டில் ஒரு கிழவி நெஞ்சில் கை வைத்து, "ஆமா, எங்க மாமியா அப்பவே சொன்னா, கண்ணு பட்டுடுச்சுன்னு" என்றாள். அவ்வளவுதான், பஸ்ஸில் ஒரே பேச்சு. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்ன பொய்களைப் பெருமையோடு ஒப்புக்கொண்டாள். பெருமை அந்த ஒரு நாள் மட்டும்தான் அனுமதிக்கப்பட்டது. காத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "அப்ப இடும்பமங்கலத்தை மூணாவதுன்னு சொன்னது?" என்று கேட்டார்.

"அது நிஜம்" என்றார் அரசப்பன்.

கேட்டவர்களுக்கு அப்புறம்தான் மற்றது ஞாபகம் வந்தது. சாயந்திரம் தாழங்கோட்டகத்தில் பஸ் காலியாகக் கிளம்பும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சீட் கிடைக்கும். உட்கார்ந்த பிள்ளைகள் வழியில் ஏறுகிறவர்களின் பையை ஒவ்வொன்றாக வாங்கி மடியில் அடுக்குவார்கள். நாணல்சேரி வருவதற்குள் ஒவ்வொரு தாழங்கோட்டகத்துப் பிள்ளை மடியிலும் நாலு பை. பைகளுக்கு மேலே தலை மட்டும் தெரியும். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். கணக்கில் வராமல் போனவர்களும் அவர்களே. பட்டியலில் அவர்களுக்கு என்ன இடம் கொடுக்கவேண்டும் என்று அரசப்பனுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. வாயைத் திறக்கத்தான் பயம்.

ஹாஃபிஸா டீச்சர் திங்கட்கிழமை கதையைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்புதான். "நாங்க நல்லதைப் பாத்தா கண்ணு படாம இருக்க மாஷா அல்லாஹ்னு சொல்லிட்டு அப்புறம் புகழுவோம். உங்களுக்கு அப்படி ஒண்ணும் தெரியாதாண்ணே? தெரிஞ்சிருந்தா எனக்கு இருபத்திரண்டு வீடு மிச்சம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

செய்தி நாலு ஊருக்கும் போனது. அரசு விளம்பரங்களைவிட டவுன் பஸ் வேகமாகப் போகும். பஞ்சர் ஆகாமல் இருந்தால். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறியது. இருபத்தெட்டாம் தேதி பதினாலு. அங்கேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. இன்னும் ஒரு பிள்ளை. எழில்மொழியின் கணவன் பரிதி வெண்ணிலங்குடிதான் என்று ஒரே பிடிவாதம். அங்கே ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதாம். இருப்பது உண்மை. புரொஜெக்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்து, அந்த இடத்தை மறந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. அரசப்பன் அதைச் சொல்லவில்லை. இன்னொரு பள்ளிக்கூடத்தைக் குறைசொல்வது அவருக்குப் பிடிக்காது. சொந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் குறைசொல்லிப் பழக்கம்.

முப்பதாம் தேதி திங்கள். கடைசி நாள். டிப்போவில் காலையிலேயே மாலை போட்டுவிட்டார்கள். மாலையோடு டிக்கெட் போட முடியாது என்று கழற்றிக் கம்பியில் மாட்டினார். பஸ்ஸுக்குப் பூஜை போட்ட மாதிரி இருந்தது. வெண்ணிலங்குடியில் பிள்ளைகள் இறங்கினார்கள். நாணல்சேரியில் இறங்கினார்கள். அவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசிலைக் கொஞ்சம் நீட்டி ஊதினார்.

புதுத்தெருவில் எழில்மொழி ஏறினாள். பின்னால் சீருடையில் செம்மொழி, எண்ணெய் வைத்துப் பின்னின ரெட்டைச் சடையோடு. அதற்கும் பின்னால் கையில் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்க் கவரோடு பரிதி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இடும்பமங்கலத்தில் சேர்க்கவும் போகலாம். அங்கே இறங்கி வேறு எங்காவதும் போகலாம். அரசப்பன் மெஷினைக் கையில் பிடித்தபடி நின்றார். முப்பத்து மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை கேட்ட கேள்வி. அன்றைக்குத்தான் அதன் பதில் அவருக்கு வேண்டியிருந்தது.

"எங்கம்மா?"

எழில்மொழி கணவனைப் பார்த்தாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டு, "மூணு தாழங்கோட்டகம்" என்றான்.

அரசப்பன் மூன்று டிக்கெட் போட்டார். இரண்டு பெண்களுக்குக் கட்டணமில்லாதது, பரிதிக்கு மட்டும் காசு. மீதிச் சில்லறை கொடுக்க மறந்தார். விசில் கொடுக்கவும் மறந்தார்.

"என்னண்ணே, போலாமா வேணாமா?" காத்தான் குரல் கொடுத்தார்.

"போ… போலாம் போலாம்!" விசிலை வாயில் வைத்தார். ஊத வரவில்லை. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கம்பியைக் கையால் தட்டி பஸ்ஸைக் கிளப்பினார்.

சாயந்திரம் டிப்போவில் பாராட்டுக் கூட்டம். வேலையில் இருந்த காலத்தில் மறக்கமுடியாத நாள் எது என்று மேனேஜர் கேட்டார். அரசப்பன் எழுந்து யோசித்தார். எல்லாரும் வெள்ளத்தில் பஸ் மாட்டியதையோ, பஸ்ஸில் நடந்த பிரசவத்தையோ சொல்வார் என்று காத்திருந்தார்கள். "இன்னைக்குக் காலையில ஒருத்தர் மூணு டிக்கெட் வாங்கினாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரிட்டயர்மெண்ட் மனுஷனை எப்படி ஆட்டிவைக்கிறது பார் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு அரசப்பன் வேட்டி சட்டையில் திருவாரூர் பஸ் நிலையத்தில் நின்றார். முதல் நாள் ராத்திரி அங்கே இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து தங்கினார் என்பது காரணம். அந்தக் காரணத்தை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். புதுக் கண்டக்டர், "உக்காருங்க சார்" என்றான். ஜன்னலோரச் சீட்டு. முப்பத்து மூன்று வருஷத்தில் ஓடுகிற அந்த பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்ததே இல்லை. ரோடு வேறு மாதிரி தெரிந்தது. குறுவை நடவுக்குச் சேறடித்த வயல்களில் தண்ணீர் நின்றது. அதில் வானமும் டெலிபோன் கம்பமும் தலைகீழாகக் கிடந்தன.

புதுத்தெருவில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியது. செம்மொழிக்கு இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யார் என்று பார்க்கவில்லை. மடி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

"கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?"

பை மடியில் இறங்கியது. கனம். புதுப் புத்தக வாசனையும் சோற்று டப்பாவின் சூடும். எத்தனையோ ஆயிரம் பைகள் பிறர் மடியில் இறங்கியதைப் பார்த்தவருக்கு முதன்முதலாக ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த அசலூர் அம்மாள் பெண்ணின் சீருடை பேட்ஜைப் படித்தாள். அரசப்பன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இந்தத் தாழங்கோட்டகம் ஸ்கூலு எப்படிங்க?"

அரசப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜூலைதான். கார்த்திகைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. உதடு தானாகப் பிதுங்கத் தொடங்கியது. கயல்விழி ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தினார்.

"நல்ல ஸ்கூலும்மா" என்றார். பையைக் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அதன் ஓரத்தில் ஒரு மூலையில் விரலால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.